மழை நாளில் குறையும் பீலி

ராஜரத்தினத்திடம் ஒரு கேள்வி இருந்தது. மூன்று வருடமாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். கண்டி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் மருந்து வரிசையில் நின்றவர், திருவிழாவுக்கு வந்த தூரத்து உறவு என்று யார் அகப்பட்டாலும் விடமாட்டார்.

“மழை பேஞ்சா பீலியில தண்ணி கூடுமா, குறையுமா?”

இது என்ன கேள்வி, கூடும் என்பார்கள். அதற்காகத்தான் காத்திருந்தவர் போல, “எங்க பீலியில குறையுதுங்க” என்று சொல்லிவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து கொப்பியை எடுப்பார். திகதி, அளவு, வெயிலா ஈரமா என்று ஆயிரத்துச் சொச்சம் வரிகள். எல்லாம் அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. வெயில் நாளில் பதினான்கு என்றிருக்கும் பீலி, மறுநாள் மழை என்றால் பதின்மூன்றுக்கு இறங்கியிருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மூன்று வருடமும் இதே கதைதான். கேட்டவர் ஒரு நிமிடம் யோசிப்பார், பிறகு தன் தரிப்பிடம் வந்துவிட்டதாகச் சொல்லி இறங்கிப் போய்விடுவார்.

பீலி என்றால் மலைச் சரிவில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் இடம். தெல்தோட்டைக்கு மேலே, ராஜரத்தினம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் அறுபத்து நான்கு குடும்பங்களுக்கு அந்த ஒரு பீலிதான். குடிக்க, சமைக்க, குளிக்க, சாமி கழுவ, சண்டை பிடிக்க எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகவேண்டும்.

மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் அதிவிசேட சித்தி எடுத்தது. அந்தக் காலத்தில் அது தோட்டமே பேசிய விஷயம். அதைப் பார்த்து அவரைக் கணக்கப்பிள்ளையாக எடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், தராசடியில் நின்றார். பெண்கள் சாக்கோடு கொழுந்தைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுவார்கள். கங்காணி முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், இவர் எழுதுவார். சொல்லி முடிக்கும் முன்பே எழுதி முடித்துவிடுவார் என்று பெயர். இன்னொரு பெயரும் உண்டு: யாருக்கும் வளைந்து கொடுக்காதவர். அவர் மனைவி பாலம்மாவும் அதே வரிசையில் அதே சாக்கோடு நின்றவள்தான். அவளுக்கு ஒரு கிராம் கூட்டி எழுதினார் என்று ஒருத்தி நாக்கில் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. இதை அவரே வேண்டிய மட்டும் சொல்லிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற வருடம்தான் மடுவத்துக்கு மின்தராசு வந்தது. பழைய தொங்கு தராசைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கி வீட்டுக் கூரையில் மாட்டிவைத்தார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். அந்தப் பங்குனியில் மேல் லயத்துக்காரர்களும் கீழ் லயத்துக்காரர்களும் பீலியடியில் முட்டிக்கொண்டார்கள். தண்ணீர் குறைந்துவிட்டது என்றார்கள் இவர்கள், இல்லவே இல்லை என்றார்கள் அவர்கள். “அளந்து பாக்காம எதுக்கு வாயை வளக்குறீங்க?” என்றார் ராஜரத்தினம். மறுநாளே பெயின்ட் வாளியையும் தராசையும் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்விட்டார். கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் பார்த்து வாளியைப் பிடிப்பது, மரக்கிளையில் தொங்கும் தராசில் மாட்டுவது, எழுதுவது. ஒரு கிலோ என்றால் ஒரு லீட்டர். அன்று தொடங்கியது, போயா, ஞாயிறு, தீபாவளி என்று ஒரு நாளும் விடவில்லை.

அப்படி அளக்கப் போய்த்தான் அந்த அதிசயம் அகப்பட்டது. மழைக்குப் பீலி குறைகிறது! பாறைக்குள் ஏதாவது அடைப்பு விழுமோ, மழைத் தண்ணீர் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகுமோ என்று மனிதர் மூளையைக் கசக்கினார். மேலே உள்ள காட்டுத்துண்டில் ஏறி அட்டைக்கடி வாங்கி வந்தார். சோற்றில் கைவைத்துக்கொண்டே, “ஒருவேளை மண்ணு ஊறி வீங்கி ஊத்துக் கண்ணை அடைக்குமோ?” என்பார். பாலம்மா குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விடுவாள்.

போன வருடம் அந்தக் காட்டுத்துண்டுக்கு ஆபத்து வந்தது. ஊற்றுக்கு மேலே, கைவிடப்பட்ட தேயிலைக்குள் வளர்ந்திருந்த மரங்களை மரக்கறித் தோட்டம் போடக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டத் தொடங்கினார்கள். அடுத்த வெயில் காலத்தில் பீலி நிமிடத்துக்கு மூன்று லீட்டருக்கு வந்தது. அறுபத்து நான்கு குடும்பம் ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டு வாளிக்கு வரிசையில் நின்றது. அப்போதுதான் பீலிச் சங்கத் தலைவி ரத்தினம்மா கண்டியிலிருந்து ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். ஊற்றுகளைப் பாதுகாக்கவும் கண்காணிக்கவும் ஒரு நிதியம் மானியம் கொடுக்கிறதாம். வேலி போடலாம், மரம் நடலாம், பத்தாயிரம் லீட்டர் தொட்டி கட்டலாம். ஆனால் குறைந்தது இரண்டு வருட அளவு ஆதாரம் வேண்டும். இந்த முறை தவறினால் அடுத்த அழைப்பு மூன்று வருடம் கழித்துத்தான். அதற்குள் மேலே ஒரு மரமும் மிஞ்சாது.

விண்ணப்பத்தின் தமிழை வாசித்தவர்களுக்குத் தலை சுற்றியது. ‘நிலைபேறான பயனாளிப் பங்கேற்பு நீர்ப்படுகை முகாமைத்துவம்’ என்று ஒரு வரி. அதைத் தமிழாக்கியவர் தண்ணீர் எடுக்க ஒரு நாளும் குடத்தோடு நின்றிருக்க மாட்டார். இருந்தும் ராஜரத்தினம் அசரவில்லை. ஏழாம் கேள்வி அவருக்காகவே எழுதியது போல இருந்தது: உங்கள் நீர்மூலத்தின் தனித்துவமான பண்பு யாது? மற்ற எல்லாவற்றுக்கும் ஒற்றை வரியில் பதில் எழுதியவர், இதற்கு மட்டும் தனித்தாள் இணைத்தார்.

அந்தத் தனித்தாள் வேலை செய்தது. ஒரு மாதத்தில் நிதியத்திலிருந்து ஜஹானா என்ற கள அலுவலர் நேரில் வந்தாள். கண்டிப் பக்கத்து மடவளைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும், தலையை மூடிய துணிக்கு மேலே மழைத் தொப்பி. மூன்று பஸ் மாறி, கடைசியில் ஆட்டோவில் வந்து இறங்கியவள், தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.

“அங்கிள், அந்த மழைக் கதை உண்மையா? எங்கட ஒபிஸ்ல எல்லாரும் அதையேதான் பேசுற. எனக்கு ராவெல்லாம் அதே யோசினை.”

தன்னைப் போலவே இன்னொரு பைத்தியம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் ராஜரத்தினம் வழியெல்லாம் பேசிக்கொண்டே ஏறினார். பின்னால் ரத்தினம்மாவும், சுடுதண்ணிப் போத்தலோடு பாலம்மாவும் வந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நல்லது, கண்ணால் பார்க்கட்டும் என்று அவருக்குள் ஒரு துள்ளல்.

ஜஹானா லீட்டர் கோடு போட்ட வெள்ளை வாளி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு நிமிடம் பிடித்தாள். பதினாறு லீட்டர். பிறகு ராஜரத்தினம் தன் பெயின்ட் வாளியைப் பிடித்துத் தராசில் மாட்டினார். முள் ஆடி நின்றது. ஒரு பார்வை பார்த்தார், கொப்பியில் எழுதினார்: பதின்மூன்று, ஈரம்.

ஜஹானா கொப்பியைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

“அங்கிள், முள்ளு பதினேழுல ஈக்கி. நீங்க பதிமூணு எழுதி ஈக்கிறீங்க?”

“கழிக்கணுமே மகள். வாளியோட கனம்.”

“வாளி எத்தின கிலோ?”

ஜஹானாவே தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் வாளியை மாட்டினாள். முள் ஒன்றில் நின்றது.

“வாளிக்கு ஒண்டு. சரி. மத்த மூணும் எதுக்கு?”

“ஈரத்துக்கு” என்றார் ராஜரத்தினம். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது.

ஜஹானாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. “தண்ணியில ஈரத்தையா கழிச்சீங்க?”

கொழுந்து மடுவத்தில் கழிவு என்று ஒன்று உண்டு. தராசு காட்டும் எடையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைத்தான் கொழுந்தெடுத்தவள் பெயரில் எழுதுவார்கள். வெயில் நாளில் இரண்டு கிலோ, மழை நாளில் நான்கு. மேலேயிருந்து வந்த கட்டளை. எப்போது வந்தது, யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. கங்காணி இருபத்திரண்டு என்பார், ராஜரத்தினத்தின் கை இருபது என்று எழுதும். மழையென்றால் பதினெட்டு என்று எழுதும். முப்பத்தொரு வருடம் அந்தக் கை வேறு எதையும் எழுதியதில்லை. தராசு வீட்டுக்கு வந்தபோது அந்தக் கையும் கூடவே வந்திருக்கிறது.

அவர் ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பாறைக்குள் அடைப்பில்லை. மண் வீங்கவில்லை. மழைக்குப் பீலி எல்லா ஊர்ப் பீலியையும் போலக் கூடத்தான் செய்தது. கூடின ஒன்றையும், அதற்கு மேலே இன்னும் கொஞ்சத்தையும் இவர்தான் வெட்டி எறிந்திருக்கிறார். மூன்று வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதிசயம் அவருடைய பேனைக்குள்தான் இருந்திருக்கிறது. வெட்கத்தில் அவர் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் பாலம்மாவும் ரத்தினம்மாவும் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜஹானா கெட்டிக்காரி. இறங்கும் வழியில் அவளே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

“அங்கிள், பயப்பட வேணாம். வெயில் நாளைக்கு ஒண்டக் கூட்டினா சரி. மழை நாளைக்கு மூணு. நீங்க ஒரு நாளும் பிசகாம ஒரே மாதிரி வெட்டி இருந்தா, கொப்பி முழுக்கத் திருத்தலாம். ஆனா எதுக்கு வெட்டினீங்க, எப்பிடி வெட்டினீங்க, எவ்வளவு காலப் பழக்கம் எண்டு நீங்களே எழுதி ஒப்பம் வைக்கணும். சங்கத்துல அத வாசிச்சு, அவங்களும் ஒப்பம் வைக்கணும். இல்லாட்டி எங்கட ஆக்கள் ஏத்துக்க மாட்டாங்க.”

“தராசு பழுதுன்னு எழுதினா?”

“தராசு பழுதெண்டா எந்த நாள் எவ்வளவு பிழை எண்டு யாருக்குத் தெரியும்? முழுக் கொப்பியையும் வீசத்தான் வேணும்.”

அவள் ஆட்டோ வளைவில் மறைந்தது. ராஜரத்தினத்துக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது, கணக்குத்தானே அவருக்கு வரும். பொய் சொன்னால் பீலி போகும். உண்மை சொன்னால் முப்பத்தொரு வருடப் பெயர் போகும். தன்னிடம் கொழுந்து நிறுத்த அதே பெண்கள் முன்னால் நின்று, எவ்வளவு வெட்டினேன் என்று அவரே வாசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து தராசைக் கூரையில் மாட்டியவருக்கு ஒரு யோசனை வந்தது. பாலம்மாவின் பழைய கொழுந்துச் சாக்கு விறகடுக்குக்கு மேலே கிடந்தது. உதறி எடுத்துக் கொக்கியில் மாட்டினார். முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நனைத்து மாட்டினார். அப்போதும் ஒரு கிலோவுக்கு வரவில்லை.

“எவ்வளவு?” என்றாள் பின்னால் நின்ற பாலம்மா.

“காஞ்சா அரைக் கிலோ கூட இல்ல.”

“எனக்குத் தெரியும்.”

“எப்புடித் தெரியும்?”

“அத்தன வருஷம் தலையில மாட்டுனவளுக்குச் சாக்குக் கனம் தெரியாதா?”

“பொறகு ஏன் ஒரு நாளும் சொல்லல?”

“நீங்க கேக்கலயே. பஸ்ஸுல போற வாறவங்ககிட்ட எல்லாம் பீலியப் பத்திக் கேக்குறீங்க. எங்ககிட்ட வந்து, இந்தச் சாக்கு என்ன கனம்னு ஒரு தடவ கேட்டீங்களா?”

காணும் எதையும் ஏன் எப்படி என்று குடைந்து பார்க்கிற ஆள் என்றுதான் தன்னைப் பற்றி நினைத்திருந்தார். வெறும் சாக்கைத் தராசில் மாட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் முப்பத்தொரு வருடத்தில் அவருக்கு வாய்க்கவில்லை. ஏன் வாய்க்கவில்லை என்ற கேள்விதான் மழைக் கேள்வியை விடப் பெரிதாக எழுந்து நின்றது. அதற்கு அவரிடம் கொப்பி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. முன்பள்ளிக் கட்டிடத்தில் முப்பது பேருக்கு மேல், பாதிக்கு மேல் கொழுந்தெடுத்த, எடுக்கிற பெண்கள். ராஜரத்தினம் கதிரையில் உட்காராமல் நின்றே வாசித்தார். எழுதியதை எழுதியபடியே வாசித்தார்: “நான் வெயில் நாளில் இரண்டு கிலோவும் மழை நாளில் நான்கு கிலோவும் கழித்து எழுதினேன். வாளியின் கனம் ஒரு கிலோ மட்டுமே. இது கொழுந்து மடுவத்தில் நான் முப்பத்தொரு வருடம் செய்த பழக்கம். அங்கே வெறும் சாக்கின் கனம் அரைக் கிலோவிலும் குறைவு. அதை நான் ஒருபோதும் நிறுத்துப் பார்க்கவில்லை.”

கடைசி இரண்டு வரியை நிதியம் கேட்கவில்லை. அவராகத்தான் சேர்த்திருந்தார்.

முன் வரிசையில் இருந்த ரத்தினம்மா எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“கணக்கய்யா, பதினெட்டு கிலோ எடுத்தாத்தான் அன்னைக்கு முழுப் பேரு, முழுச் சம்பளம். ஒரு மாசம் நான் தெனமும் பத்தொம்பதுல நின்னேன். நீங்க பதினேழு எழுதுனீங்க. அரைப் பேருதான் விழுந்துச்சு. புள்ள வயித்துல இருந்த நேரம் அது. ஞாபகம் இருக்கா?”

“இல்ல ரத்தினம்மா” என்றார் அவர். “ஞாபகம் இருக்குன்னு சொன்னா அது பொய்.”

யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பின்னாலிருந்த ஒருத்தி, இந்த ஆள் எழுதின கொப்பிக்கு நாம் ஏன் ஒப்பம் வைக்க வேண்டும் என்று எழுந்தே போய்விட்டாள். இன்னும் இரண்டு பேர் அவள் பின்னால் போனார்கள். விண்ணப்பம் அந்த இடத்திலேயே முடிந்தது என்றுதான் ராஜரத்தினம் நினைத்தார்.

ரத்தினம்மா வெளியே போனவர்களைப் பார்த்துவிட்டுத் தாளை வாங்கினாள். “இவரு மூஞ்சிக்கு இல்ல. பீலிக்கு வைக்கிறேன்” என்று சொல்லி ஒப்பம் வைத்தாள். பிறகு தாளை அவரிடமே நீட்டினாள். “இன்னொரு வரி சேருங்க கணக்கய்யா. இனிமே அளக்கிறது நாங்க. நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்.”

அவர் அந்த வரியைச் சேர்த்தார். ஒவ்வொருத்தியாக வந்து ஒப்பம் வைத்தார்கள். வெளியே போனவர்களில் ஒருத்தி திரும்பி வந்து வைத்தாள், மற்ற இருவரும் வரவில்லை.

நான்கு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஐந்தாம் மாதம் ஜஹானா தொலைபேசியில் கூப்பிட்டாள். கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைத்திருந்தது. வேலிக்கும் மரக்கன்றுக்கும் தொட்டிக்கும் சரி, தானாக அளக்கும் கருவிக்கு இல்லை. கூட்டத்தில் ஒருவர் திருத்திய கணக்கை நம்பவே முடியாது என்று கடைசிவரை நின்றாராம். அந்தப் பழக்கத்தை இவ்வளவு பச்சையாக எழுதியவர் மிச்சத்தில் பொய் எழுதமாட்டார் என்று இன்னொருவர் சொல்லித்தான் நிறைவேறியதாம். ராஜரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னறையில் அங்குமிங்கும் நடந்தார், மூன்று தடவை மூக்கைச் சிந்தினார்.

புதிய முறைப்படி முதல் நாள் அளக்கும் முறை பாலம்மாவுக்கு. விடிந்ததிலிருந்து நல்ல மழை. ஜஹானா கொடுத்த கோடு போட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் மேலே போனாள். ராஜரத்தினம் புதுக் கொப்பியைத் திறந்து, கோடு கிழித்து, திகதி போட்டு, பேனை மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு இருக்கும் என்று அறியும் ஆவல் அவரைப் பிய்த்துத் தின்றது. மழைக்கு உண்மையில் பீலி எவ்வளவு கூடும்? இத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சரியான பதில் வரப்போகிறது.

சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பாலம்மா படியில் இறங்கி வந்தாள். மழைச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்று தூரத்திலேயே சத்தமாகச் சொன்னாள்.

“பதினேழு!”

அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுதி முடித்திருந்தார். பாலம்மா வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, குனிந்து கொப்பியைப் பார்த்தாள். பதின்மூன்று என்றிருந்தது.

ராஜரத்தினமும் அப்போதுதான் பார்த்தார். தன் கையைத் தூக்கி, யாரோ ஒருவருடையதைப் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார். “பாலம்மா, நான்... தெரிஞ்சு எழுதல” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள். அவர் விரல்களுக்கிடையிலிருந்து பேனையை உருவி எடுத்தாள். படியிலேயே உட்கார்ந்து, அந்த எண்ணை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் மெதுவாகப் பதினேழு என்று எழுதினாள்.